கழித்துப் போட்ட முப்பத்தெட்டு

கிள்ளானில் மழைக்குக்கூட காசிவிஸ்வநாதனிடம் மரியாதை இருக்கவில்லை. நாலு மணிக்கு மேல் வரவேண்டியது, வியாழக்கிழமை ரெண்டு மணிக்கே வந்து, வீட்டுப் பின்புறம் நாளிதழ் விரித்துக் காயப்போட்டிருந்த வாதாம் இலைகளை எல்லாம் நனைத்துவிட்டது. அவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இலைகளை அள்ளி உள்ளே ஓடி வந்தபோது, மனைவி அலமேலு வெண்டைக்காய் மண்டிக் குழம்புக்கு அரிசி கழுவிய தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள்.

“மழை வருதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய் இருக்கில்ல?”

“எனக்கு மட்டும் மழை முன்னாடியே சொல்லிட்டா வருது,” என்றாள் அலமேலு.

அவள் நின்ற இடம் சமையலறையின் ஒரு மூலை. மீதி இடம் முழுக்க மீன் தொட்டிகள். இருபத்திரண்டு கண்ணாடித் தொட்டிகள், மூன்றடுக்கு இரும்புச் சட்டத்தில். ஒவ்வொன்றிலும் பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத சிவப்புச் சண்டைமீன்கள். அந்தத் தண்ணீருக்கு அந்த நிறம் வருவதற்குத்தான் வாதாம் இலை. காய்ந்த இலையை ஊறப்போட்டு, சாற்றை வடிகட்டி, புளிப்பு அளந்து, தொட்டி தொட்டியாக ஊற்றுவதில் காசிவிஸ்வநாதனின் காலை கழியும். புழு பிடித்துப் போடுவதில் மாலை கழியும். நடுவில் இருக்கும் நேரத்தில் ஊரில் உள்ளவர்களை எல்லாம் கேவலமாகப் பேசுவார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நிதி நிறுவனத்தில் முப்பத்தோரு வருஷம் மேனேஜராக இருந்த மனிதர். எதிரே உட்கார்ந்து கடனுக்குக் கெஞ்சுகிறவனை மேலும் கீழும் பார்ப்பதே வேலையாக இருந்ததில், வேலை போன பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. மீன் வளர்க்கும் மற்றவர்கள் அவருக்குப் பொடிப்பயல்கள். கடையில் விற்கும் பெரிய துடுப்பு மீன்கள் புடவை கட்டிய மீன்கள். மீன் பாதுகாப்புச் சங்கம் என்று வருகிறவர்கள் டீ-ஷர்ட் சங்கம். தெரு முனையில் மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் மைதீன், ஆள் கணக்கிலேயே சேர்த்தியில்லை.

அந்தச் சிவப்புச் சண்டைமீன் ஜெஞ்சாரோம் பக்கத்துக் கறுப்புத் தண்ணீர்க் காட்டில் இருந்து வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற கையோடு, ஜெயராஜ் என்ற பழைய நண்பர் அவரைச் செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் கூட்டிப்போனார். முழங்கால் வரை புதைகிற சகதி. அட்டை. அங்கே ஒரு பழைய வாய்க்காலில் வலையை விட்டு நாற்பது மீன் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இந்த மீன் அந்தக் காட்டைத் தவிர வேறெங்கும் இல்லை என்று ஜெயராஜ் சொன்னதும் காசிவிஸ்வநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்று என்றால் அவருக்கு எப்போதுமே பிடிக்கும்.

நாற்பதையும் வெள்ளைப் பாத்திரத்தில் விட்டுப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பார்ப்பதுபோல ஒரு மணி நேரம் பார்த்தார். உடம்பு முழுக்க அரக்குச் சிவப்பு, விலாவில் நடுமத்தியில் பச்சைப் பொட்டு, துடுப்பில் ஒரு கிழிசல் இல்லை. அப்படி ஒரே ஒரு ஆண், ஒரே ஒரு பெண். மீதி முப்பத்தெட்டும் ஒன்று தவிட்டு நிறம், ஒன்றுக்குப் பொட்டு இல்லை, ஒன்றுக்குப் பொட்டு இடம் மாறியிருந்தது. அதே வாரத்தில் மைதீன் கடைப் பின்னால் கிடந்த குளிக்கும் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதென்று மாஜ்லிஸ் எனப்படும் நகராண்மைக் கழகத்து ஆட்கள் அபராதச் சமன் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் வெட்டு நாட்களுக்காக, இடித்த பங்களா ஒன்றிலிருந்து மைதீன் தூக்கிவந்து போட்டிருந்த தொட்டி அது. காசிவிஸ்வநாதன் ஒரு நெய் டின்னில் முப்பத்தெட்டையும் கொண்டுபோய் அதில் கொட்டினார்.

“கழிசடை. கொசுவாவது திங்கட்டும்,” என்றார்.

மைதீன் ரெண்டு கையாலும் டின்னை வாங்கி அலசித் திருப்பிக் கொடுத்தார். ஒரு தே தாரிக், நுரை பொங்கும் பால் தேநீர், ஆற்றி வைத்தார். சர்க்கரை ஜாஸ்தி என்று காசிவிஸ்வநாதன் அதைக் குடிக்கவில்லை.

அந்த ஒரு ஜோடியில் இருந்துதான் இந்த இருபத்திரண்டு தொட்டியும். ஒவ்வொரு ஈட்டிலும் சிவந்ததிலேயே சிவந்ததைப் பொறுக்கி, சிவந்ததோடு சேர்த்து, மற்றதை மைதீன் தொட்டிக்கு அனுப்பினார். எது எதன் மகன், எது எதன் பேத்தி என்று நீல அட்டை நோட்டில் வம்சாவளி எழுதினார். வெளிமீன் ஒன்றைக் கலக்கவில்லை. அதை அவர் சொல்லும்போது, தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே இருக்கும்.

வம்சாவளி எழுதுவது அவருக்குப் புதிதும் அல்ல. அவர் சமூகமான நகரத்தார் செட்டியார்களுக்கு ஒன்பது கோயில். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, திருப்பூட்டிக் கல்யாணம் செய்யக் கூடாது. கிள்ளானில் யார் வீட்டில் பெண் கேட்டு வந்தாலும், கோயில் பார்த்துச் சொல்ல காசிவிஸ்வநாதனிடம்தான் வருவார்கள். போன மாதம் தன் ஒன்றுவிட்ட தம்பி சேவுகனின் மகளுக்கு வந்த வரனை, மாப்பிள்ளை வீட்டாரும் வேலங்குடிக் கோயில்தான் என்று கண்டுபிடித்து நிறுத்தியதே அவர்தான். பையன் நல்ல வேலை, பெண்ணுக்கும் பிடித்துப்போய், ஹாலில் எல்லோரும் இருந்த நேரம். “அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் திருப்பூட்டச் சொல்றீங்களா? கோயில்கூடப் பாக்காம பொண்ணைக் காட்ட வந்துட்டீங்க. நாய் வளக்கிறவன்கூட இத விசாரிப்பான்,” என்றார். சேவுகனின் மனைவி அழுதாள். சொன்ன விஷயம் சரி. சொன்ன வாய்தான் அழுகிப்போனது என்று அலமேலு அன்றைக்கு நினைத்தாள்.

இப்போது அந்த ஜெஞ்சாரோம் காடு இல்லை. ஒரு கம்பெனி வாங்கி, சிவப்பு மண் லோரி லோரியாக வந்து கொட்டி, வாய்க்காலை மூடி, கிடங்கு கட்டுகிறது. பாவத்துக்குப் பரிகாரமாகவோ என்னவோ, ஒரு ஓரத்தில் நாலு ஏக்கர் கறுப்புத் தண்ணீரை விட்டு வேலி போட்டு, அதற்குப் பசுமையாக ஒரு பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறது. பலகை வந்துவிட்டது, மீன்தான் இல்லை. அதனால் பல்கலைக்கழகத்தில் இருந்து டாக்டர் ரமணி என்ற அம்மாள், அந்தக் காட்டு மீன் யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு போன மாதம் காசிவிஸ்வநாதன் வீட்டுக்கு வந்து, முப்பது மீன்களின் வால் நுனியில் துளித் துளி வெட்டி எடுத்துப் போனார். மீன் சரியென்று ஆகிவிட்டால் அடுத்த மாதம் குளத்தில் விடுவார்கள். இல்லையென்றால் கம்பெனி ஏதாவது கடை மீனை வாங்கி விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும். அதோடு அந்த மீன் உலகத்தில் இல்லாமல் போகும்.

அது தெரிந்த நாளில் இருந்து காசிவிஸ்வநாதன் ஒரு ஜாதியைக் காப்பாற்றிய மனிதர் ஆகிவிட்டார். பத்திரிகையில் படம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நகரத்தார் சங்கத்தில் பொன்னாடை. அந்த மழைக்குள்ளேயே சேவுகன் போன் அடித்தான்.

“அண்ணே, பொன்னாடை சிவப்புல எடுக்கவா, பச்சையிலயா? மீன் கலர்ல இருந்தா நல்லாருக்கும்னு கமிட்டியில சொல்றாங்க.”

“கமிட்டிக்கு வேற வேலை இல்லியா? எதையாவது எடு. அசல் பட்டா எடு. போன தடவை யாருக்கோ போத்தினீங்களே, ஜன்னல் கர்ட்டன் மாதிரி.”

“சரிண்ணே,” என்றான் சேவுகன். மகள் கல்யாணம் கலைந்த வருத்தம் அந்தக் குரலில் இன்னும் இருந்தது. காசிவிஸ்வநாதனுக்கு அது கேட்கவில்லை.

அவருக்கு உள்ளுக்குள் வேறு ஒரு உறுத்தல். ரெண்டு வருஷமாக முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை. ஆண் மீன் நுரைக் கூட்டுக்குக் கீழே பட்டினி கிடந்து காவல் காக்கும்; மூன்றாம் நாள் முட்டை எல்லாம் வெள்ளை பூத்துவிடும். பொரித்ததிலும் பாதிக்கு முதுகு வளைந்திருக்கும். மருந்தடிக்கிற நகராண்மைக் கழகப் புகை காரணம் என்றார். அலமேலு வெள்ளிக்கிழமை போடுகிற சாம்பிராணி காரணம் என்றார். வளைந்த குஞ்சுகளை ரமணியின் கண்ணில் படாமல் முதல் நாளே அப்புறப்படுத்தியிருந்தார்.

மண்டியைத் தாளித்து இறக்கிவிட்டு அலமேலு சொன்னாள். “காலையில மைதீன் கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். பாவம், அந்தத் தொட்டியை நாளைக்குள்ள கவுக்கணுமாம். இல்லாட்டி பெரிய சமன் போடுவாங்களாம். யாரோ கம்ப்ளேன் எழுதிப்போட்டிருக்காங்க.”

“நல்லதாப் போச்சு. டெங்கி வராம இருக்கும்.”

“யாரோ இல்ல. நீங்கதான்.”

அவர் இலைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பத்திரிகைக்காரன் படம் எடுக்க வந்த அன்று, போகிற வழியில் மைதீன் கடையில் தே குடித்திருக்கிறான். மைதீன் அப்பாவியாக, “இந்த மீனா? நம்ம தொட்டியிலயும் நெறைய கெடக்கு லா,” என்று காட்டியிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, “அங்கிள், அபூர்வம்னு சொன்னீங்க, மாமாக் கடையிலயும் இருக்கே,” என்றான். அன்றைக்கே உட்கார்ந்து, பழைய மேனேஜர் ஆங்கிலத்தில், நகராண்மைக் கழகத்துக்குச் சுகாதாரக் கேடு பற்றி ஒன்றரைப் பக்கக் கடிதம் அடித்தார்.

“மாமாக் கடைத் தொட்டியில கெடந்தா அப்புறம் அது என்ன அபூர்வ மீன்? ஒங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது,” என்றார்.

“எங்களுக்கெல்லாம் புரியாது,” என்று அலமேலு சோற்றைப் போட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு டாக்டர் ரமணி வந்தார். நாற்பது வயசு இருக்கும். பங்சாரில் இருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்த களைப்பு. கையில் ஒரு கோப்பு. காசிவிஸ்வநாதன் சட்டை மாற்றி, திருநீறு இட்டு, நீல நோட்டை மேசையில் திறந்து வைத்திருந்தார். அலமேலு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொண்டு வந்து வைத்தாள்.

“அங்கிள், ரிசல்ட் வந்துருச்சு. கொஞ்சம் வெளிப்படையா பேசலாமா?”

“பேசுங்க. நான் என்ன வெளியாளா?”

“உங்க மீன் அசல்தான். ஜெஞ்சாரோம் மீன்தான். அதுல கலப்பு இல்ல.”

“அதைத்தானே ஒன்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். இதுக்கு வாலை வேற வெட்டினீங்க.”

ரமணி ஒரு பணியாரத்தைப் பிய்த்தார். வாயில் வைக்கவில்லை. “ஆனா முப்பது மீனும் கிட்டத்தட்ட ஒரே மீன் அங்கிள். பேருக்குத்தான் முப்பது. எல்லாத்துக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, அதுக அண்ணன் தங்கச்சி, அதுக்குப் பொறந்ததும் அண்ணன் தங்கச்சி. முட்டை வெள்ளையாப் போகுதா? குஞ்சுக்கு முதுகு வளையுதா?”

“புகை அடிக்கிறான் லா இந்த மாஜ்லிஸ்காரன்.”

“புகை இல்ல. ஒரே ரத்தம். ஒண்ணுக்கு ஒரு நோவு வந்தா எல்லாத்துக்கும் வரும், ஒண்ணுகூடத் தப்பிக்காது. குளத்துல தண்ணி கொஞ்சம் சூடானாலோ, புளிப்பு மாறினாலோ, தாங்குற மீன் பத்துல ஒண்ணாவது இருக்கணும். உங்க தொட்டியில அந்த ஒண்ணு இல்ல. இதைக் கொண்டுபோய் விட்டா ரெண்டு வருஷம். மூணு வருஷம்னா அதிசயம்.”

காசிவிஸ்வநாதன் சிரித்தார். எதிரே கெஞ்சுகிறவன் ஜாமீனுக்கு ஆள் இல்லை என்று சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு. “டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. ஆனா மீனைக் கண்ணால பாத்தீங்களா? இந்தச் சிவப்பை எங்கயாவது பாத்திருக்கீங்களா? சொத்தை மீனை எல்லாம் கழிச்சு, கழிச்சு, கழிச்சுத்தான் இது வந்திருக்கு.”

“அதான் பிரச்சனை அங்கிள். நீங்க கழிச்சதுலதான் மீதி எல்லாம் இருந்துச்சு.”

சமையலறை வாசலில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அலமேலு கேட்டாள். “அப்ப இது எல்லாம் ஒரே கோயிலு.”

ரமணிக்குப் புரியவில்லை. காசிவிஸ்வநாதனுக்குப் புரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் திருப்பூட்டச் சொல்றீங்களான்னு சேவுகன் வீட்டு ஹால்ல நின்னு கேட்டீங்க. நாய் வளக்கிறவன்கூட விசாரிப்பான்னீங்க. அந்தப் பொண்ணு ஒரு வாரம் ரூமை விட்டு வரல. ஒன்பது வருஷமா என் அடுப்படியில நீங்க எத்தனை திருப்பூட்டி வச்சீங்கன்னு அந்த நோட்டுல எழுதியிருப்பீங்கள்ல, எண்ணிப் பாருங்க.”

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. காசிவிஸ்வநாதனுக்குக் காதெல்லாம் சுட்டது. முதலில் கோபம் வந்தது. படிக்காதவள் பேசுகிறாள் என்று வாயைத் திறந்தார். ஆனால் எதிரே நீல நோட்டு திறந்தே கிடந்தது. அவர் கையெழுத்திலேயே, ஒரு ஆண், ஒரு பெண், அதற்குக் கீழே கிளை கிளையாக. வேலங்குடியோ, எந்தக் குடியோ, இப்படி ஒரு வம்சாவளியை யாராவது அவர் முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தால் முகத்திலேயே வீசியிருப்பார். அது அவருக்கே தெரிந்தது. அதனால் வாயை மூடினார்.

ரமணி கோப்பில் இன்னொரு தாளை எடுத்தார். “பயப்படாதீங்க அங்கிள், ஒரு நல்ல விஷயமும் இருக்கு. போன தடவை வந்தப்ப, வாலை வெட்டி முடிச்சதும் நீங்க தூங்கப் போயிட்டீங்க. ஆன்டி என்னை மொனைக் கடைக்குக் கூட்டிப்போய் தே வாங்கிக் குடுத்தாங்க. அந்தக் கடைப் பின்னால ஒரு தொட்டி. சும்மா ஒரு சந்தேகத்துல அதுலயும் இருபது மீன் வெட்டி எடுத்தேன். இந்த ‘பி’ன்னு போட்டிருக்கு பாருங்க, அதுதான். அங்கிள், அதுல பழைய ஜெஞ்சாரோம் காடே இருக்கு. தவிட்டு நிறம், பொட்டு இல்லாதது, எல்லா ரத்தமும். அந்தக் கடைக்காரர் வாழையிலை வாங்கப் போறப்ப, காடு மூடுறதுக்கு முன்னால, அங்கிருந்து நாலஞ்சு மீன் வேற பிடிச்சுப் போட்டிருக்கார் போல. அந்தத் தொட்டி போதும். நான் இன்னிக்கே அதை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

அலமேலு கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால்.

“இன்னிக்குத்தான் அதைக் கவுக்கச் சொல்லியிருக்கு,” என்றாள். “ஜும்மாவுக்குப் போறதுக்குள்ள முடிச்சிடுவேன்னாரு.”

“யாரு கவுக்கச் சொன்னா?”

ரமணி கேட்டு முடிப்பதற்குள் காசிவிஸ்வநாதன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அறுபத்தெட்டு வயசில், வெயிலில், குடை எடுக்காமல் அவர் அந்தத் தாமான் குடியிருப்பில் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். பின்னாலேயே ரமணி ஐஸ் பெட்டியோடும், அலமேலு கையில் கிடைத்த வாளியோடும் வந்தார்கள்.

காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கல்லில் கடைசி ரொட்டி வெந்துகொண்டிருந்தது. மைதீனின் மகள் ஆரிஃபா சால்னாச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க ஆச்சி, அத்தா பின்னால இருக்காரு,” என்றாள்.

பின்னால் வாதாம் மரத்தடியில் அந்தத் தொட்டி. ஒன்பது வருஷமாக அதில் யாரும் இலை ஊறப்போடவில்லை, மரமே போட்டது. புளிப்பு அளக்கவில்லை. தண்ணீர் மாற்றவில்லை. மேலே ஒரு பழைய மீன்வலை கட்டியிருந்தது, அவ்வளவுதான். மைதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தே ஆற்றுகிற பெரிய குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு கால்வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டி பாதிக்குக் கீழே போயிருந்தது. கால்வாயில் தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு கோடு தெருவைத் தாண்டி ஓடியது.

“மைதீன், நிறுத்துங்க,” என்றார் காசிவிஸ்வநாதன். மூச்சு வாங்கியது.

மைதீன் குவளையை வைத்தார். அவசரப்படவில்லை. “வாங்க செட்டியாரண்ணே. கூட்டம் ஓய்ஞ்சு பத்தரைக்குத்தான் ஆரம்பிச்சேன். மாஜ்லிஸ்காரன் பதினொன்னுக்கு வரானாம்.”

“மீன்? மீன் எங்க?”

“உள்ளதான். கொஞ்சம் தண்ணியோட போயிருக்கும். இருட்டுத் தண்ணியில எது வருது எது போகுதுன்னு தெரியல லா.”

ரமணி கால்வாயைக் குனிந்து பார்த்தார். சோப்பு நுரையும் எண்ணெயும். அதில் எதுவும் பிழைக்காது. “எத்தனை போச்சோ,” என்றார். அதைச் சொன்னபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. அதுதான் காசிவிஸ்வநாதனுக்குப் பொறுக்கவில்லை.

“மைதீன், அந்தக் கடுதாசி...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும்ணே. ஆபீசர் போன்ல காட்டுனாரு. ஒன்றரைப் பக்கம் இங்கிலீஷ். இந்தத் தாமான்ல அவ்வளவு நல்லா இங்கிலீஷ் எழுதுற ஆளு ஒருத்தர்தான்.” மைதீன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். “நான் ஒண்ணும் நெனைக்கல. எனக்கு ரெண்டு வார்த்தை புரியல, ஆரிஃபாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ‘அருவருப்பான’ன்னு சொன்னா. அது மீனையா, கடையையா, என்னையான்னு கேட்டேன். அவளுக்குத் தெரியல.”

ஆரிஃபா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காசிவிஸ்வநாதன் அப்படி ஒரு அவமானத்தை முப்பத்தோரு வருஷத்தில் பிறருக்குக் கொடுத்திருக்கிறார், வாங்கியதில்லை. எப்படி வாங்குவதென்றே அவருக்குத் தெரியவில்லை. “தப்புதான்,” என்றார். அது அவருக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக வந்தது.

பதினொன்றுக்கு நகராண்மைக் கழகத்து அதிகாரி மோட்டாரில் வந்தார். ரமணி பல்கலைக்கழக அட்டையைக் காட்டி மலாயில் பேசினார். அதிகாரி டார்ச்சை அடித்து, கரண்டியால் மூன்று இடத்தில் தண்ணீர் மொண்டு பார்த்தார். ஒரு புழு இல்லை. நாலைந்து தவிட்டு நிற மீன்கள்தான் கரண்டியில் துள்ளின. அவருக்கே சிரிப்பு வந்தது. மீன் இருந்தால் தொட்டி இருக்கலாம், மீனை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் அப்படியே வைத்திருந்தால் அடுத்த வாரம் சமன் என்று சொல்லிவிட்டு, ஒரு ரொட்டி கட்டச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

“சரி, இப்ப எடுக்கலாம்,” என்று ரமணி ஐஸ் பெட்டியைத் திறந்தார். “எல்லாத்தையும் எடுக்கணும். ஒண்ணு விடக்கூடாது.”

“நான் எடுக்குறேன்,” என்றார் காசிவிஸ்வநாதன். மீன் பிடிக்கிற கை அந்தக் கூட்டத்தில் தனக்குத்தான் என்ற நினைப்பு அவருக்கு இன்னும் போகவில்லை. ஓடிவரும்போதே சட்டைப் பையில் சின்ன வலையைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். குனிந்தார். தண்ணீருக்குள் பார்த்தார். தவிட்டு மீன் ஒன்று வலைக்கு நேராக வந்தது; அதை ஒதுக்கினார். பொட்டில்லாதது ஒன்று வந்தது, அதையும் ஒதுக்கினார். ஒரு மூலையில், இலைக்குக் கீழே, நல்ல அரக்குச் சிவப்பில், நடுமத்தியில் பச்சைப் பொட்டோடு ஒன்று நின்றது. அவர் கை தானாக அங்கே போனது. அதை அள்ளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அவர் முகத்தில் பழைய சந்தோஷம் வந்தது.

அலமேலு அந்த வலையைப் பிடுங்கினாள். மீனைத் தொட்டியிலேயே திருப்பிக் கொட்டினாள். “நீங்க தள்ளுங்க,” என்று கணவரிடம் சொல்லிவிட்டு மைதீன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க அந்தக் குவளையாலயே அள்ளுங்க. பாக்காதீங்க. வர்றது வரட்டும்.”

மைதீன் பார்க்கவில்லை. தே ஆற்றுகிற கைப்பழக்கத்தில், நீளமாக மொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் ஐஸ் பெட்டியில் ஊற்றினார். குவளை குவளையாக வந்தது. துடுப்பு கிழிந்தது, ஒற்றைக் கண் உள்ளது, மஞ்சள் சாயல் அடித்தது, காசிவிஸ்வநாதனின் கையால் ஏதோ ஒரு வருஷம் கழித்துப் போடப்பட்டதின் பிள்ளை, பேரன், எல்லாம் ஒன்றாகத் தத்தளித்தன. ரமணி எண்ணிக்கொண்டே வந்தார். ஐம்பத்து நாலு. அடியில் இலைச் சகதியைக் கையால் துழாவி இன்னும் மூன்று.

“போதுமா?” என்றார் மைதீன்.

“போதும் அங்கிள். போதணும்.” ரமணி மூடியை அழுத்தினார். “கம்பெனியை ஆறு மாசம் பொறுக்கச் சொல்றேன், அதுக்குள்ள குஞ்சு வரும். அதுக்கப்புறம் குளத்துல. மீன் குடுத்தவர்னு ஃபாரத்துல உங்க பேரைத்தான் போடுவேன்.”

“எம்பேரு எதுக்கும்மா? செட்டியாரண்ணே பேரைப் போடுங்க. அவர்தானே ஞாயித்துக்கிழமை மேடை ஏறப்போறாரு.” குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார்.

காசிவிஸ்வநாதன் வாதாம் மரத்தில் கையை ஊன்றி நின்றார். இந்த நாற்றம் பிடித்த சந்தில், இந்தச் சகதியில், தன் வீட்டு இருபத்திரண்டு தொட்டிகளைவிடப் பெரிய ஒன்று ஒன்பது வருஷமாக யார் கவனிப்பும் இல்லாமல் இருந்திருக்கிறது. அதை அழிக்கத் தான் மட்டுமே முயற்சி எடுத்திருக்கிறார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆரிஃபா பார்க்கிறாள் என்று அடக்கிக்கொண்டார்.

“வேணாம்,” என்றார். “மைதீன் பேரைப் போடுங்க.”

ரமணி எழுதிக்கொண்டார். பாங்கு சொல்லும் நேரம் ஆகியிருந்தது. மைதீன் கை கால் கழுவி, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வெளியே போக ரெண்டு எட்டு வைத்தவர், காலித் தொட்டியைப் பார்த்துத் திரும்பினார்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். மாஜ்லிஸ்காரன் அடுத்த வாரம் மறுபடி வருவான். தண்ணி வெட்டு வேற வருதாம், எனக்குத் தொட்டியில தண்ணி வேணும். மீன் இல்லாம விட்டா சமன்.” சங்கோஜத்தோடு தாடியைத் தடவினார். “உங்க வீட்டு மீனை டாக்டரம்மா வேணாம்னுட்டாங்களாமே. ஆச்சி சொன்னாங்க. அதுகளைக் கொண்டாந்து இதுல விடுங்களேன். கொசுவாவது திங்கட்டும்.”

மைதீனுக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யார் அதைச் சொன்னது என்பது நினைவில் இல்லை. அலமேலுவுக்கு இருந்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

“நெய் டின்னை எடுத்து வைங்க,” என்று திரும்பிப் பார்க்காமலே கணவரிடம் சொன்னாள்.